நாய்க்குப் படர்தாமரை வந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கம் ஆவணி, புரட்டாசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பகலில் வெயில் காயும், சாயங்காலம் இடியோடு மழை கொட்டும், ராத்திரி முழுக்கப் புழுக்கம். இந்தப் பருவத்தில் மாட்டாஸ்பத்திரிக்கு நாயைக் கூட்டி வருகிறவர்கள் நிறையப் பேர் சொல்வது ஒன்றுதான். "வட்டவட்டமா முடி கொட்டுது டாக்டர், ஒரு ஊசி போட்டுடுங்க."

ஊசி கேட்பதில் தப்பில்லை. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இராணிப்பேட்டை என்றாலே கால்நடைத் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். அதைத் தயாரிக்க 1932-இல் தொடங்கிய நிறுவனம் அங்கே இருக்கிறது. ஆனால் நாயின் படர்தாமரை ஒரே ஊசியில் போகிற நோய் இல்லை. தோலில் இரண்டு மூன்று இடத்தில்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் வெளியே தடவும் லோஷனிலேயே அடக்கிவிடலாம். அதை எப்படிப் போடுகிறோம், எத்தனை நாள் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அது படர்தாமரைதானா என்று பார்க்க வேண்டும். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் முடி வேரோடு உதிர்ந்திருக்காது, அடியில் குட்டையாக ஒடிந்து நிற்கும். ஓரம் சிவந்து லேசாக மேடிட்டிருக்கும். நடுவில் சாம்பல் தூவியதுபோல் செதில். இதற்குப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. மண்ணில் வாழும் ஒரு வகையும் உண்டு. எப்போதும் பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கும் நாய்க்கு மூக்கிலும் முன்னங்காலிலும் அது வரும்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணி உண்டாக்கும் சொறியும் ஏறக்குறைய இப்படியே தெரியும், அதற்கு மருந்தே வேறு. தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். வுட்ஸ் விளக்கு என்று புற ஊதா ஒளி வீசும் விளக்கு ஒன்று இருக்கிறது. இருட்டறையில் அதைக் காட்டினால், மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி பல சமயம் பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் முடியைப் பிடுங்கி கல்ச்சருக்கு, அதாவது லேபில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவோம். முடிவு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

லாப்ரடார், பக் மாதிரி நாய்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில் பிசுபிசுப்பும் ஒரு புளித்த வாடையும் வரும். அது மலசீசியா என்ற ஈஸ்ட், வேறு வகைப் பூஞ்சை. மற்ற நாய்க்கோ மனிதருக்கோ படர்தாமரைபோல் ஒட்டாது. நம் கோடையில் நாய்க்குச் சூடு தணிய அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் துவட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஈரம் இந்த ஈஸ்டுக்குத் தோதாகிவிடும். ஊற்றுங்கள், வயிற்றையும் விரல் இடுக்கையும் துடைத்து விடுங்கள்.

சரி, லோஷனுக்கு வருவோம். டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல். முடி அடர்ந்த உடம்புக்கு ஆயின்ட்மென்டைவிட லோஷன் நல்லது. ஆயின்ட்மென்ட் முடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், லோஷன் தோல்வரை இறங்கும். வட்டத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரியால் மெதுவாகக் கத்தரியுங்கள். பிளேடு வேண்டாம், அது கீறும் கீறல் வழியாகவே நோய் பரவும். வெட்டிய முடியை ஒரு கவரில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையால் முடியை விலக்கிப் பிடித்து, தோல் மேல் லோஷனை விட்டு, வெளியிலிருந்து உள்நோக்கித் தேயுங்கள். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் நோயை நாமே இழுத்துப் பரப்புகிறோம். வட்டத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் ஒரு விரற்கடை அளவு நல்ல தோலிலும் தடவ வேண்டும். பூஞ்சை அங்கே ஏற்கனவே போயிருக்கும்.

தடவியதும் நாய் நக்கப் பார்க்கும். அதனால் சோறு வைப்பதற்கு முன்போ நடக்கக் கூட்டிப் போவதற்கு முன்போ தடவுங்கள். அதன் கவனம் வேறு பக்கம் போய்விடும், அதற்குள் மருந்து காய்ந்துவிடும். அப்படியும் விடாமல் நக்குகிற நாய்க்குக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டியதுதான்.

மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூ தந்திருந்தால், நுரை வந்ததும் கழுவிவிடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிஷம் ஊற விடுங்கள். இதை எல்லோரிடமும் சொல்கிறேன், பலரும் 2 நிமிஷத்தில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் மருந்து கேட்கவில்லை என்று வருகிறார்கள்.

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த நோய்க்கு அது செல்லாது. கொஞ்ச நாளில் அரிப்பு நிற்கும், புது முடி தலைகாட்டும். அங்கேதான் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பூஞ்சை முடிக்குள் இருக்கிறது. பல வாரம் போட வேண்டும், முழுசாக ஆறியதுபோல் தெரிந்த பிறகும் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடக் கூடாது. உடம்பு முழுக்கப் பரவியிருந்தாலோ, நகத்தில் வந்திருந்தாலோ லோஷன் மட்டும் போதாது. இட்ராகனசோல் போன்ற மாத்திரையும் தேவைப்படும். அதன் அளவு நாயின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கோ வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நாய்க்குத் தடவாதீர்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கி, குணமான மாதிரி தெரியும். தோலின் எதிர்ப்பு சக்தியை ஸ்டீராய்டு அமுக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும். மண்ணெண்ணெய், மெக்கானிக் ஷெட்டில் வடித்த பழைய ஆயில் இதெல்லாம் தோலைப் பொசுக்கும், நக்கினால் உள்ளே போய் விஷமாகும். டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு ஆகாது.

சொறி பிடித்துவிட்டது என்று நாயைப் பாலாற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நினைத்தாலே மனசு வலிக்கிறது. தீரக்கூடிய நோய் இது. ஆறும்வரை தனி இடத்தில் வைத்திருந்தால் போதும். படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும் என்பது உண்மைதான். அதனால் குழந்தைகள் கட்டிப்பிடிப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள், நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யாருக்காவது கையிலோ கழுத்திலோ வட்டம் தெரிந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள், நாயின் லோஷனைப் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் காட்டுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே அது நோயைச் சுமக்கும்.

உதிர்ந்த முடியில் இருக்கும் பூஞ்சை வித்து ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நாய் படுக்கும் சாக்கைத் தூக்கிப் போடுங்கள், துணியென்றால் தனியாகத் துவையுங்கள். தரையில் முடியை முதலில் ஈரத்துணியால் வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். அதோடு ஆசிட் எதையும் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். தரை காய்ந்த பிறகு நாயை உள்ளே விடுங்கள்.

வணக்கம்.