ஃபீனிக்ஸ்: 25 வருடம் கழித்து அதே நால்வர்

வணக்கம் நேயர்களே. மெலடிக் ராக், அதாவது மெட்டுக்கு முதலிடம் தருகிற ராக் இசை பற்றிப் பேசுங்கள் என்றதும் நான் யோசிக்காமல் எடுத்தது 2008இல் வந்த 'ஃபீனிக்ஸ்' ஆல்பத்தைத்தான். ஏசியா என்ற பிரிட்டிஷ் குழுவுடையது. ஏசியா என்றாலே எல்லாரும் 1982இல் வந்த முதல் ஆல்பத்தைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம் அது, சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? ஆனாலும் எனக்கு நெருக்கமானது ஃபீனிக்ஸ்தான்.

நாலு பேரும் ஏசியாவுக்கு முன்பே பெயர் வாங்கியவர்கள். பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான ஜான் வெட்டன் கிங் கிரிம்சன் குழுவில் இருந்தவர். கிட்டார் ஸ்டீவ் ஹவ், யெஸ் குழுவிலிருந்து வந்தவர். டிரம்ஸ் கார்ல் பாமர், எமர்சன் லேக் அண்ட் பாமர் என்ற மூவர் குழுவில் மூன்றாவது ஆள். கீபோர்டு ஜெஃப் டவுன்ஸ், பகிள்ஸ் குழுவிலும் அப்புறம் யெஸ்ஸிலும் இருந்தவர். ஒரே பாட்டை இருபது நிமிடம் வாசிக்கிற புராக்ரசிவ் ராக் உலகத்தில் ஊறியவர்கள் சேர்ந்து, நாலைந்து நிமிடத்தில் முடிகிற, கூடவே பாடத் தோன்றுகிற பாட்டுகளைப் போட்டார்கள் என்பதுதான் 1982இல் நடந்த அதிசயம்.

அது நீடிக்கவில்லை. 1983இல் 'ஆல்ஃபா' வந்தது, முதல் ஆல்பம் அளவுக்கு விற்கவில்லை. அந்த வருடமே வெட்டன் குழுவில் இல்லை. டிசம்பரில் டோக்கியோ புடோகான் அரங்கில் நடந்த கச்சேரியில் அவர் இடத்தில் நின்று பாடியவர் பாமரின் பழைய குழுவில் இருந்த கிரெக் லேக். பிறகு ஆள் மாறி ஆள் மாறி, டவுன்ஸ்தான் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வெட்டனோ பல வருடம் குடியோடு போராடினார், அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2006இல் நால்வரும் மறுபடி ஒன்றாக மேடை ஏறினார்கள். அடுத்த வருடம் வெட்டனுக்கு இதய அறுவை சிகிச்சை, அதனால் கச்சேரிகளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, 'ஆல்ஃபா' வந்து 25 வருடம் கழித்து, அதே நால்வர் போட்ட ஆல்பம்தான் ஃபீனிக்ஸ்.

இதைத் தெரிந்துகொண்டு கடைசிப் பாட்டைக் கேளுங்கள். 'ஆன் எக்ஸ்ட்ராடினரி லைஃப்' என்று பெயர். சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு மனிதர், கிடைத்த வாழ்க்கைக்கு நன்றி சொல்கிறார். மெட்டு ரொம்ப எளிமை, இரண்டாவது தடவை கேட்கும்போதே வாயில் வந்துவிடும். இவ்வளவு வித்தை தெரிந்த மூன்று பேர் பின்னால் இருந்தும் யாரும் அந்தக் குரலுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. பாமர் நினைத்தால் அங்கே என்னவெல்லாமோ வாசித்திருக்கலாம், தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டை நடத்திக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். இந்த அடக்கத்துக்காகத்தான் எனக்கு இந்த ஆல்பம் இவ்வளவு பிடித்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் யாருக்கும் எளிதில் வராத அடக்கம் அது. அப்போது டவுன்ஸ் தவிர மற்றவர்கள் எல்லாம் ஐம்பத்தெட்டும் அதற்கு மேலும்.

வித்தையைக் காட்டவே இல்லையா என்று கேட்டால், காட்டுகிறார்கள், அதற்கென்று இடம் ஒதுக்கி. 'பேரலல் வேர்ல்ட்ஸ்' என்று ஆரம்பித்து மூன்று பகுதியாகப் போகிற எட்டு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. நடுவில் வருகிற 'வோர்டெக்ஸ்' பகுதியில் பாமரை அவிழ்த்துவிடுகிறார்கள், அப்புறம் எல்லாம் ஓய்ந்து ஹவ்வின் கிட்டார் நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறது. அந்த மாறுதலுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போடுவேன். 'ஆர்ச்சர்ட் ஆஃப் மைன்ஸ்' இவர்கள் எழுதியதில்லை, குளோபஸ் என்ற குழுவுடையது, ஆனால் வெட்டன் பாடியதும் அவருடைய பாட்டாகவே ஆகிவிட்டது. 'அலிபைஸ்' பரவாயில்லை ரகம். எண்பதுகளின் பழக்கம் அதில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

இதே நால்வர் 2010இல் 'ஒமேகா', 2012இல் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்று மேலும் இரண்டு ஆல்பம் போட்டார்கள். 2013இல் ஹவ் விலகினார். 2017 ஜனவரி 31 அன்று வெட்டன் புற்றுநோயால் காலமானார், வயது 67.

சரி, கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று. முதல் பாட்டு 'நெவர் அகெய்ன்' கிட்டாரோடு அதிரடியாகத் தொடங்கும், இனி ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சபதம் செய்கிற பாட்டு. அதிலிருந்தே வரிசையாகக் கேளுங்கள், கடைசிப் பாட்டுக்குத் தாவ வேண்டாம். நடுவில் இருக்கிற நிதானமான பாட்டுகளைத் தாண்டி வந்தால்தான் அந்த நன்றி எவ்வளவு பெரியது என்று தெரியும்.