தோல் நாணயமான நாட்டில் நிலம் யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"மெக்சிக ஆட்சியின் தொடக்கக் காலத்தில் கலிபோர்னிய நிலம் பரவலானதா, கைமாறியதா?" என்பது இன்றைய தலைப்பு. பரவலானது என்று எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று சான்றுகளை அவையின் முன் வைத்தார். ஸ்பெயின் ஆண்ட ஐம்பது ஆண்டுகளில் தனியாருக்குக் கிடைத்த நிலக்கொடைகள் சுமார் முப்பதுதான். 1821இல் தொடங்கி 1846இல் முடிந்த மெக்சிக ஆட்சியிலோ அந்த எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியது என்றார். பெண்களும் பழங்குடியினரும்கூடப் பட்டயம் பெற்றார்கள் என்றார். அந்நியக் கப்பல்களுக்குத் துறைமுகம் திறந்ததால் வாணிகம் பெருகியது என்றார். மூன்றும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த எழுநூறு பட்டயங்களில் எழுதப்பட்ட நிலம் அதற்கு முன்பு யாருடையதாக இருந்தது, பட்டயம் வந்த பிறகு அதே நிலத்தில் மாடு மேய்த்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளை நண்பர் கேட்காமலே அமர்ந்துவிட்டார். அவற்றை நான் கேட்கிறேன்.

தெற்கே சான் தியேகோ முதல் வடக்கே சோனோமா வரை கடலோரமாக இருபத்தொரு மிஷன்களை, அதாவது பழங்குடியினரை மதம் மாற்றிக் குடியமர்த்திய சமயக் குடியிருப்புகளை, பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார்கள் நிறுவியிருந்தார்கள். நல்ல தண்ணீரும் நல்ல புல்லும் இருந்த இடமெல்லாம் அவற்றின் வசம் இருந்தது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 21,000 பழங்குடியினர் அந்த மிஷன்களில் வாழ்ந்தார்கள். ஸ்பானிய மொழி பேசிய குடியேறிகளோ மூவாயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள். மிஷன் வாழ்க்கையை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி வெளியேற முடியாது, ஓடினால் சிப்பாய்கள் பிடித்துவருவார்கள், சவுக்கடி உண்டு, நோய்ச் சாவும் உண்டு. 1824இல் சாந்தா இனேஸ், லா பூரிசிமா, சாந்தா பார்பரா ஆகிய மூன்று மிஷன்களில் சூமாஷ் பழங்குடி மக்கள் கிளர்ந்தெழுந்ததே அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்குப் போதிய சாட்சி. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பானியச் சட்டத்தின் பார்வையில் அந்த நிலம் பாதிரியாரின் சொத்து அன்று. பழங்குடியினர் பயிற்சி பெற்றுத் தனிக் குடிகளாகும் வரை அவர்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்ட சொத்து. ஆகவே மிஷன்களைக் கலைத்தபோது மெக்சிகோ பிறர் நிலத்தைத் தானமாக வழங்கவில்லை; உரியவருக்குத் திருப்பித் தர வேண்டிய இடத்தில் அது நின்றது.

திருப்பித் தந்ததா? மெக்சிக நாடாளுமன்றம் 1833 ஆகஸ்டில் மிஷன்களைக் கலைக்கச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் ஹொசே ஃபிகெரோவா அதற்கான விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு பழங்குடிக் குடும்பத் தலைவருக்கும் பக்கத்துக்கு 100 முதல் 400 வாரா (ஒரு வாரா சுமார் 33 அங்குலம்) அளவுள்ள மனை, மிஷன் மாடுகளில் பாதியிலிருந்து ஒரு பங்கு, பொது மேய்ச்சல் நிலம் எனப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து வரும் விதிகளையும் படியுங்கள். பெற்ற நிலத்தை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. பங்கிடப்படாமல் எஞ்சும் தோட்டங்களிலும் வயல்களிலும் தேவைப்படும்போது பொதுவேலைக்கு வந்தாக வேண்டும். எஞ்சிய சொத்தையெல்லாம் அரசு அமர்த்தும் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். விடுதலைப் பத்திரத்துக்குள்ளேயே கட்டாய வேலையும் எழுதப்பட்டிருந்தது.

இப்போது அளவை ஒப்பிடுவோம். அதிக அளவான 400 வாராவையே கிடைத்ததாகக் கொண்டாலும் அந்த மனை ஏறத்தாழ 30 ஏக்கர். 1824ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ ஒரு தனிமனிதருக்குப் பதினொரு சதுர லீக் வரை நிலம் தரலாம் என்றது: பாசன நிலம் ஒன்று, மானாவாரி நான்கு, மேய்ச்சல் நிலம் ஆறு. பதினொரு சதுர லீக் என்பது சுமார் 48,700 ஏக்கர். முப்பது ஏக்கர்காரரையும் நாற்பத்தெட்டாயிரம் ஏக்கர்காரரையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டு, "பாருங்கள், நிலம் பரவிவிட்டது" என்கிறார் எதிரணி நண்பர்.

அந்தப் பெரிய கொடையைப் பெறும் வழிமுறையையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். யார் பெற முடியும், யார் பெற முடியாது என்பது அதில்தான் இருக்கிறது. விண்ணப்பதாரர் ஆளுநருக்கு மனு எழுத வேண்டும். அதனுடன் 'திசேன்யோ' எனப்படும் கையால் வரைந்த படம் ஒன்றை இணைக்க வேண்டும். ஒரு மலை, ஓர் ஓடை, சில கருவேல மரங்கள், நடுவில் ஒரு வீடு என்று வரைந்தால் போதும். ஆனால் வரையவும் எழுதவும் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆளுநர் உள்ளூர் அல்கால்தேயிடம், அதாவது ஊர் நிர்வாகியிடம், அறிக்கை கேட்பார். நிலம் காலி, ஆள் தகுதியானவர் என்று பதில் வந்தால் கொடை எழுதப்படும். பிறகு இரண்டு குதிரை வீரர்கள் ஐம்பது வாரா நீளக் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வருவார்கள். புதிய உரிமையாளர் புல்லைப் பிடுங்கி, கிளையை ஒடித்து, கல்லை நாற்புறமும் எறிந்து உடைமையை அறிவிப்பார். அளவுக்குப் பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று எழுதிவிடுவது வழக்கம். குதிரை ஓட்டத்தில் அளந்த நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாதுதான்.

அளப்பதற்கு முன் அக்கம்பக்கத்து எல்லைக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. பட்டயம் உள்ளவர்தான் எல்லைக்காரர். பட்டயம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அந்த ஓடைக்கரையில் குடியிருந்தவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அங்கே ஆள் இருப்பது அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நிலத்தில் வசிக்கும் பழங்குடியினருக்கு இடையூறு செய்யக் கூடாது என்று நிபந்தனை எழுதிய பட்டயங்களே இருக்கின்றன. ஒரே தாளில் ஒரு வரி நிலத்தைக் காலி என்கிறது, இன்னொரு வரி அதில் குடியிருப்பவரைத் தொந்தரவு செய்யாதே என்கிறது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! மிஷன் காரியஸ்தர்களாக வந்தவர்கள் யார்? சோனோமா மிஷனுக்கு மரியானோ வய்யேஹோ வந்தார். அவருக்கே 1834இல் பெத்தலூமா ராஞ்சோ, அதாவது மாட்டுப் பண்ணை நிலம், வழங்கப்பட்டது. முதலில் பத்து சதுர லீக், பிறகு அதுவும் போதவில்லை. சான் லூயிஸ் ரே மிஷனுக்கு பீயோ பீக்கோ வந்தார். அந்த மிஷனின் மேய்ச்சல் நிலமான சாந்தா மார்கரீத்தா 1841இல் அவருக்கும் அவர் தம்பி அந்திரேசுக்கும் கொடையாகப் போனது. பக்கத்தில் லாஸ் ஃபுளோரெஸ் என்று ஓர் ஊர். மிஷனிலிருந்து விடுபட்ட பழங்குடியினர் தாங்களே நடத்திய ஊர். மெக்சிகச் சட்டம் சொன்ன விடுதலை கண்ணுக்குத் தெரிந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. 1844இல் அதுவும் பீக்கோ சகோதரர்களின் நிலத்தோடு சேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்க அரசு உறுதிசெய்த கணக்கில் அந்த ராஞ்சோவின் பரப்பு 1,33,000 ஏக்கருக்கு மேல். பதினொரு லீக் உச்சவரம்பு என்ற ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிய அழகு இதுதான்.

இவர்கள் பேராசைக்காரர்கள், கதை முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எளிது. ஆனால் 1834க்குப் பிறகு இத்தனை பேர் ஏன் ஒரே நேரத்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் போட்டியிட்டார்கள் என்பதை அது விளக்காது. விளக்கம் வாணிகத்தில் இருக்கிறது. எதிரணியின் மூன்றாவது சான்று எங்கள் அணிக்குத்தான் துணை நிற்கிறது.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. கலிபோர்னியாவிலோ மாடு உயிரோடு இருக்கும்வரை அதற்குப் பெரிய விலை இல்லை. இறைச்சியை வாங்க ஆளில்லை. உரித்துக் காயவைத்த தோல்தான் பணம். நாணயம் அரிதான அந்த நாட்டில் தோலை 'கலிபோர்னிய வங்கித் தாள்' என்றே மாலுமிகள் அழைத்தார்கள். ஒரு தோல் ஒன்று அல்லது இரண்டு டாலருக்குப் போனது. பாஸ்டன் நகரிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹோர்ன் முனையைச் சுற்றி வந்த கப்பல்கள் மிதக்கும் கடைகளாகத் துறைக்குத் துறை நின்று, துணி, பாத்திரம், தேயிலை, செருப்பு எனக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாத்தான்சா, அதாவது மாடு அறுக்கும் பருவம், முடிந்ததும் தோலாக வசூலித்தன. கொழுப்பை உருக்கித் தோல் பைகளில் நிரப்பி மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் பெருவுக்கு அனுப்பினார்கள். 1830களில் சான் தியேகோவிலிருந்து புறப்பட்ட ஒரே பாஸ்டன் கப்பல் நாற்பதாயிரம் தோல்களை ஏற்றிச் சென்றிருக்கிறது. அந்தத் தோல் பாஸ்டனில் செருப்பாகித் திரும்பவும் ஹோர்ன் முனையைச் சுற்றி வந்து, அதே மாட்டை வளர்த்தவரிடம் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. நண்பர் பெருமையோடு சொன்ன வாணிகம் இது.

இதில் அரசின் பங்கு என்ன? மாகாண அரசின் முதன்மை வருவாய் மொந்தெரே துறைமுகச் சுங்கச்சாவடியில் கப்பல்கள் கட்டிய வரி. கப்பல் வரத் தோல் வேண்டும், தோலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். முப்பது ஏக்கர் மனை வைத்திருப்பவர் கப்பலை நிரப்ப மாட்டார். ஆகவே நிலம் எந்தப் பக்கம் சாயும் என்பது சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சுங்கச்சாவடியிலேயே முடிவாகிவிட்டது.

வில்லியம் ஹார்ட்னெல் என்ற ஆங்கிலேய வணிகரின் வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1822இல் லீமாவிலிருந்து வந்து, கூட்டாளி மெக்கல்லாக்குடன் சேர்ந்து, மிஷன்களின் தோலையும் கொழுப்பையும் வாங்க ஒப்பந்தம் போட்டவர் இவர். தோல் ஒன்றுக்கு ஒரு பெசோ. பிறகு கத்தோலிக்கரானார். சாந்தா பார்பரா கோட்டைத் தளபதியின் மகள் தெரேசா தே லா கெர்ராவை 1825இல் மணந்தார். மெக்சிகக் குடியுரிமை பெற்று, சாலினாஸ் பக்கம் நிலமும் பெற்றார். இவரையே 1839இல் ஆளுநர் அல்வராதோ மிஷன்களின் ஆய்வாளராக அனுப்பினார். சென்ற இடமெல்லாம் சொத்து கரைந்திருந்ததையும் பழங்குடியினர் காரியஸ்தர்கள்மீது குறை சொன்னதையும் அவர் கண்டார். சான் லூயிஸ் ரேயில் அந்தக் குறை பீக்கோமீது இருந்தது. வடக்கே சான் ரஃபாயேலுக்குப் போனபோது வய்யேஹோ அவரையே கைது செய்தார். 1840இல் ஹார்ட்னெல் பதவியை விட்டு விலகினார். எதிரணி நண்பர்களே, ஹார்ட்னெல் எங்கள் கட்சிக்காரர் அல்லர்; அந்த ஏற்பாட்டில் பிழைத்து, மணந்து, நிலம் பெற்றவர். அவராலேயே கணக்குக் கேட்க முடியவில்லை என்றால், ரோதேயோவில், அதாவது மாடுகளை ஒன்றுதிரட்டும் இடத்தில், மாடு வளைத்து, சூடு போட்டு, கூலிக்குப் பதிலாக உணவும் உடையும் தங்க இடமும் பெற்றுக்கொண்டிருந்த பழங்குடி வக்கேரோ, அதாவது குதிரையேறிய மாட்டுக்காரர், யாரிடம் போய்க் கேட்பார்? அவர் மிஷனில் கற்ற குதிரையேற்றத்தை ராஞ்சோவில் செய்தார். மாட்டின் மேலிருந்த சூட்டுக்குறி மட்டும் மாறியிருந்தது.

இனி பெண்களும் பழங்குடியினரும் பட்டயம் பெற்ற செய்திக்கு வருகிறேன். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம் என்ற ஸ்பானிய மரபு போற்றத்தக்கது. அதே காலத்து ஆங்கிலச் சட்டத்தில் அது இல்லை. நண்பர் ஹுவானா பிரியோனெஸை எடுத்துக்காட்டினார். உழைத்து முன்னேறிய பெண்மணி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1844இல் லா பூரிசிமா கொன்செப்சியோன் ராஞ்சோவை அவர் யாரிடம் வாங்கினார்? ஹொசே கோர்கோனியோ என்ற பழங்குடியினரிடமும் அவர் மகனிடமும். அவர்களுக்கு அந்தக் கொடை கிடைத்தது 1840இல். நான்கே ஆண்டுகள். நண்பரின் பட்டியலில் இது பழங்குடியினர் பெற்ற கொடையாக ஒரு முறையும் பெண் பெற்ற நிலமாக இன்னொரு முறையும் எண்ணப்படுகிறது. என் கணக்கில் இது ஒரே நிலம் கைமாறிய கதை.

1846க்குப் பிறகு அமெரிக்கர்கள் வந்து இந்த ராஞ்சோக்காரர்களையே வழக்காடி வழக்காடி நிலமிழக்க வைத்தார்களே, அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் இல்லையா என்று அடுத்து வரும் நண்பர் கேட்கக்கூடும். பாதிக்கப்பட்டவர்கள்தான். அது இன்னொரு பட்டிமன்றத்துக்கான தலைப்பு. பின்னால் பறிகொடுத்ததால் முன்னால் பெற்ற விதம் நேராகிவிடாது.

கடைசியாக, எதிரணி மிகவும் நம்பியிருக்கும் சான்று: ஒலோம்பாலி. கடலோர மீவோக் இனத்தைச் சேர்ந்த கமீலோ இனித்தியாவுக்கு 1843இல் ஆளுநர் மிச்செல்தோரேனா 8,877 ஏக்கர் வழங்கினார்; பின்னர் அமெரிக்க அரசும் அதை உறுதிசெய்தது. பழங்குடி மனிதர் ஒருவர் பட்டயம் பெற்று, அதைக் காத்தும் காட்டினார் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒலோம்பாலி புதிதாகக் குடியேறிய இடம் அன்று. ஸ்பானியக் கப்பல் அந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மீவோக் மக்கள் வாழ்ந்த ஊர். அந்த ஊரில் தொடர்ந்து இருப்பதற்குக் கமீலோ இனித்தியா மனு எழுத வேண்டியிருந்தது. ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி மனு எழுதும் வாய்ப்பே இல்லாத மீவோக் ஊர்கள் எத்தனை என்பதை அடுத்து வரும் நண்பர் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.