தராசில் ஏறிய பிள்ளைக்குப் பெயர் ஒட்டுவதில்லை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நலிவுற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உளவியல் உதவி தொடக்கத்திலேயே போய்ச் சேர வேண்டுமா, பிரச்சினை வெளிப்பட்டபின் போனால் போதுமா என்பதே இன்றைய கேள்வி. தொடக்கத்திலேயே என்ற அணிக்காக வந்திருக்கிறேன். முன்கூட்டியே தேடிப்போனால் பிள்ளைக்கு ‘மனநோயாளி’ என்ற பெயர் ஒட்டிவிடும் என்றும், இருக்கின்ற சில உளவளத்துணையாளர்களையும் நோயுற்ற பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுவோம் என்றும் எதிரணித் தலைவர் வாதிட்டார்.

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் தொடர்மாடிப் படியேறிப் பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கப் போகும் குடும்பநல உத்தியோகத்தரை இந்த அவை அறியும். கிளினிக்கில் குழந்தையின் எடை பார்த்து, பதிவேட்டின் வளர்ச்சி வளைகோட்டில் புள்ளியிட்டு, கோடு சரிந்தால் வைத்திய அதிகாரியிடம் அனுப்புகிறார்கள். தராசில் வைத்ததால் தன் பிள்ளையை நோயாளியாக்கிவிட்டார்கள் என்று எந்தத் தாயும் கோபித்து நான் கண்டதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் நிறுப்பதால் எந்தப் பிள்ளைக்கும் பெயர் ஒட்டுவதில்லை. தாய் உறங்குகிறாளா, வீட்டில் அடிதடி உண்டா, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்பவற்றையும் அதே இயல்போடு எல்லா வீட்டிலும் கேளுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இது வெறும் ஆசையன்று. நியூயோர்க் மாநிலத்தின் எல்மைராவில், 1970களின் இறுதியில், 400 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குத் தாதியர், குழந்தைக்கு 2 வயதாகும்வரை சென்றுவந்தனர். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் உறுதிசெய்யப்பட்ட சிறுவர் துன்புறுத்தல் மற்றைய வீடுகளில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. நம் நாட்டில் சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்புப் போகும்போது, பெரும்பாலும் அடி விழுந்து முடிந்திருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் தரம் 2 கற்பித்த ஆண்டில், தாள் ஓட்டையாகும்வரை அழிறப்பரால் தேய்க்கும் ஒரு மாணவன் இருந்தான். ஓர் எழுத்துச் சாய்ந்தாலும் முழு வரியையும் அழிப்பான். ‘கவனம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதி, தகப்பனின் கையொப்பம் கேட்டு அனுப்பினேன். பிழையான எழுத்துக்கு அந்த வீட்டில் பெல்ட் அடி விழும் என்பது, அவன் தரம் 8இல் பள்ளியை விட்டு நின்றபின்தான் எனக்குத் தெரியவந்தது. ஓட்டை விழுந்த தாளை எப்படி வாசிப்பதென்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை; நானும் கேட்கவில்லை.

ஆள் போதாது என்ற இரண்டாம் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். கண்டுபிடித்துவிட்டு அனுப்ப இடமில்லாமல் நிற்பது கொடுமைதான். ஆனால் அந்தத் தகப்பனோடு முதலில் பேச நிபுணர் தேவைப்பட்டிருக்காது. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை போதும். பேச்சோடு தீராதவர்களை மட்டும் பொரளைச் சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்பினால், அங்குள்ள வரிசை குறையுமே தவிர நீளாது.

மணி அடித்துவிட்டது. எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் விடை தரட்டும்: அந்த மாணவனுக்கு எந்தத் தரத்தில் உதவி போயிருக்க வேண்டும், 2இலா, 8இலா?