முதலைச் சாமிக்குப் பூசை செய்தவளும் மறுதலித்தாளா?

(ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் ஆதித் திருச்சபையில் விஞ்சி நின்றது உறுதியா, ஓட்டமா? ‘உறுதியே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “அப்போஸ்தலன் பவுலை விட்டு உடன் ஊழியன் தேமா ஓடினான். அவரோடு ஊழியப் பயணம் போன மாற்கு பாதி வழியில் ஓடினான். 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் தெய்வங்களுக்குப் பலியிடச் சொல்லிச் சட்டம் போட்டதும் மொத்த சபையும் பலியிட்ட சான்றிதழுக்கு வரிசையில் நின்றது. எகிப்து மணலைத் தோண்டினால் இவர்கள் வாங்கிய சீட்டுதான் வருகிறது!” நீங்கள் கைதட்டினீர்கள். பரவாயில்லை, நானும்தான் தட்டினேன்.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போமா? ‘தெய்வங்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போது உங்கள் முன்னாலும் பலியிட்டுப் படையலை உண்டேன், சான்று தரவும்’ என்ற ரீதியில் போகிறது மனு. தியோகெனேஸ் என்ற 72 வயதுப் பெரியவரின் சீட்டில் அங்க அடையாளம்கூட உண்டு: வலது புருவத்தில் தழும்பு! பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்காக மச்சம் தேடிய நமக்கு இதெல்லாம் புதிதா?

சரி, இன்னொரு சீட்டு. வாங்கியவர் அம்மோனூஸ் என்ற அம்மையார். தொழில்? பெதெசூகோஸ் சாமிக்குப் பூசாரி. பெதெசூகோஸ் யார்? முதலைச் சாமி! முதலைக்கே பூசை செய்கிற அம்மாள், அதிகாரி முன்னால் போய் நின்று, “ஐயா, நான் சாமி கும்பிடுகிறவள்தான், எழுதிக் கொடுங்கள்” என்கிறார்! எதிரணிக் கணக்கில் இந்த அம்மாளும் கிறிஸ்துவை மறுதலித்து ஓடியவர்! ஐயா, அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் போட்டதில்லை. சீட்டை எண்ணி ஓடியவர் தலைக்கணக்குப் போட்டால், அடுத்த முறை முதலையையும் சேர்த்துவிடுவீர்கள்.

வாங்கிய கிறிஸ்தவர்கள் உண்டு. பலியிடாமலே காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அப்புறம் என்ன ஆயிற்று? கையில் சீட்டு, உயிருக்குப் பயமில்லை, பேசாமல் இருந்திருக்கலாமே? வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் சபை வாசலுக்கே திரும்பி வந்து, “எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கெஞ்சினார்கள். அவர்களை என்ன செய்வதென்று பேசவே 251-இல் ஆயர்கள் கூட வேண்டியிருந்தது. மாற்குவையும் பவுல் கடைசியில் அழைத்துவரச் சொன்னார், அதுவும் தேமா போய்விட்டதை எழுதிய அதே கடிதத்தில்!

வாதம் போதும். 203, அதே கார்த்தேஜ். பெலிசித்தா, கிறிஸ்தவள் என்று பிடிபட்டு, அரங்கத்தில் மிருகங்களுக்கு முன் விடக் காத்திருக்கும் அடிமைப்பெண், எட்டு மாதக் கர்ப்பிணி, சிறையில் பிரசவ வலி. “இதற்கே கத்துகிறாயே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய்?” என்று நக்கலடிக்கிறான் காவலாள். பெண் குழந்தை பிறந்தது. தாய் அரங்கத்துக்குப் போய்விட்டாள். பச்சைப்பிள்ளை? சபையில் ஒரு பெண் அதை வாங்கித் தன் மகளாகவே வளர்த்தாள். கைதியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் தானும் யாரென்று தெரிந்துவிடுமே, யோசித்திருக்க மாட்டாளா? அவள் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

எதிரணித் தலைவரே, ஓடியவர் பட்டியலைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள். இந்த அம்மாவை எங்கே எழுதுவீர்கள்?

நடுவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், முடித்துவிட்டேன். வணக்கம்.