பாமாயில்: ஆய்வாளர்கள் எதைத் தேடுகிறார்கள்?

[காட்சி: கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். வடைச் சட்டி.]

இந்த வடை வேகிறது செம்பனை எண்ணெயில், அதாவது பாமாயிலில். மளிகைக் கடையில் இரண்டரை ரிங்கிட்டுக்கு விற்கிற மானியப் பாக்கெட்டும் அதேதான். உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் நாமும் தருவதுதான்.

ஆரம்பத்தில் ஆய்வாளர்களின் கவலையெல்லாம் காய்ப்பைப் பற்றித்தான்.

[காட்சி: செம்பனைப் பூ, மிக அருகில். மேலே ஊரும் வண்டு.]

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வந்தாலும் வேறு வேறு சமயத்தில் வரும். அதனால் மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். முன்பு பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, ஆள் வைத்துப் பூப்பூவாக ஊதினார்கள். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணியைவிடச் சின்னது. பூவின் சோம்பு வாசனைக்கு வரும், ஆண் பூவில் முட்டையிடும், மகரந்தம் ஒட்டிய உடம்போடு பெண் பூவுக்கும் போய்வரும். ஊதுகிற வேலை அதோடு போச்சு.

அப்புறம் மரபணு. கொட்டையின் ஓடு மெலிந்த வகையில்தான் எண்ணெய் அதிகம். அந்த ஓட்டைத் தீர்மானிக்கிற மரபணுவை 2013-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் குழு கண்டுபிடித்தது. எந்த வகை என்று தெரியக் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், நாற்றங்காலில் இலைத்துண்டு போதும்.

சரி, செம்பனைக்காகக் காடு அழிகிறதே? ஒரு ஹெக்டேரில் செம்பனை மூன்று, நான்கு டன் எண்ணெய் தரும்; சோயா சுமார் அரை டன். செம்பனையே வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனால் எங்கே நடுகிறோம் என்பதுதான் வினை. அரைகுறையாக மட்கிய செடிகொடிகள் படிந்த கரிச்சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடித்தால் மண்ணே மட்கிக் கரியமிலவாயுவாகப் போகும், தீயும் பிடிக்கும். 2015 புகைமூட்டம் நினைவிருக்கிறதா?

அதனால் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தோட்டங்களை அளக்கும் ஆய்வுகள் பெருகின. 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டமே போட்டது. அந்தச் சட்டப்படி நாலைந்து ஏக்கர்க்காரரும் தன் நிலத்தின் இருப்பிடத்தைக் காட்டியாக வேண்டும். அவருக்கு இது சாமானிய வேலையில்லை.

மனிதர்களைப் பற்றிய ஆய்வுதான் என் பார்வையில் பின்தங்கிவிட்டது. 2002-இல் கோலாலம்பூரின் தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பு, தோட்டத்தில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் களைக்கொல்லிக்கு அரசு தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020-இல்.