விரலறியும் பாட்டுக் கருவி

நேயர்களுக்கு வணக்கம். நடைப்பயிற்சியின்போதும், இரவில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு சிறு கருவி வேண்டும், அதில் திரையே இருக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாக நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். கைபேசி இருக்கிறதே என்பார்கள். கைபேசியில் பாட்டை மாற்றத் திரையைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஏதாவது செய்தி வந்திருக்கும். கவனம் அதன் பின்னே போய்விடும்.

இத்தகைய கருவியை வாங்கும்போது எவ்வளவு நினைவகம் என்றுதான் முதலில் கேட்கிறோம். அது அவ்வளவு முக்கியமன்று. வழக்கமான தரத்தில் பதிந்த எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி இடம் பிடிக்கும் என்பதால், 2 ஜிபி இருந்தாலே 30 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாம். மேலும், திரையில்லாத கருவியில் ஆயிரம் பாட்டுகளை நிரப்பிவிட்டால், வேண்டிய ஒன்றைத் தேடி எடுக்க வழியே இராது.

முதலில் பார்க்க வேண்டியவை பொத்தான்கள். கண்ணுக்கு எட்டாததை விரல் சொல்ல வேண்டும். என் தந்தைக்குப் பார்வை மங்கியபோது, கச்சேரி கேட்பதற்காக இப்படியொரு கருவியை வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்று அழகாக இருந்தது. ஆனால் மூன்று பொத்தான்களும் ஒரே அளவில், மேடு பள்ளம் இல்லாமல், ஒரே வரிசையில் இருந்தன. ஒலியைக் கூட்ட நினைத்து அழுத்துவார், கருவி அணைந்துவிடும். ஒரு மாலை அது பழுதாகிவிட்டதென்றே எண்ணி, மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருந்தார். அம்மாதான் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் சிறு துண்டை நறுக்கி நடுப் பொத்தானின் மேல் ஒட்டினார். அன்றிலிருந்து தந்தை உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஆகவே கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள்.

இந்தப் பாடத்தைப் பெரிய நிறுவனமும் கற்க வேண்டியிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2005 ஜனவரியில் வெளியிட்ட ஐபாட் ஷஃபிள் வெறும் 22 கிராம் எடை கொண்டது. திரையில்லை, நடுவில் ஒரு பொத்தானும் அதைச் சுற்றி வட்டமாக மற்றவையும் இருந்தன. 2009ஆம் ஆண்டு வடிவில் பாட்டின் பெயரைக் குரலாலேயே சொல்லும் அருமையான வசதியைச் சேர்த்தவர்கள், பொத்தான்களை மட்டும் கருவியிலிருந்து எடுத்து இயர்போன் கம்பிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாதாரண இயர்போனைச் செருகியவர்களுக்கு ஒலியைக் கூட்டவோ பாட்டை மாற்றவோ வழியில்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டே, 2010இல், பொத்தான்கள் கருவிக்குத் திரும்பின. 2017இல் விற்பனையை நிறுத்தும்வரை அந்த அமைப்பே நீடித்தது. கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள் என்று மீண்டும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வரிசை. தந்தைக்காக நான் ஏற்றிய கச்சேரியை முதல் நாள் இயக்கியபோது, தொடக்கத்தில் பாடும் வர்ணம் வர வேண்டிய இடத்தில், முடிவில் பாடும் மங்களம் ஒலித்தது. கேட்டவர் மனம் வருந்திப் போனார். மலிவான கருவிகள் பலவும் பெயரைப் பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு முதலில் ஏறியதோ அதையே முதலில் பாடும். கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றினால், பெயரைப் பார்க்கும் கருவி, பார்க்காத கருவி இரண்டிலுமே கச்சேரி முறையாக நடக்கும். அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்பதையும் கடையிலேயே சோதியுங்கள். ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியைப் பாதியில் நிறுத்துபவருக்கு அது மிகவும் தேவை.

மின்கலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: பயன்படுத்தாமல் வைத்திருக்கும் கருவியையும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள், முற்றிலும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால் மின்கலம் பிறகு உயிர் பெறாமல் போகலாம். வணக்கம்.