தூக்க மாத்திரை என்றாரே தம்பி!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுத்ததே எட்டு நிமிடம், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

அண்மையில் வந்தவற்றில் மனத்தில் நிற்பவை கதைப்படங்களா, ஆவணப்படங்களா? நான் ஆவணப்படங்களுக்காகப் பேச வந்தவன். குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். எதிரணித் தம்பி பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். “ஆவணப்படம் என்பது டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கிற தூக்க மாத்திரை” என்றாரே! நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் தம்பி, தூக்கத்தைப் பற்றி என்னிடம் பேசலாமா? நான் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? என் அப்பா சினிமாவுக்குப் போவதே தூங்கத்தான். அவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார். எங்கே என்று அப்புறம் சொல்கிறேன், இப்போது யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஒருமுறை அடிதடிப் படம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனேன். டைட்டில் முடிந்தது, குறட்டை தொடங்கியது. திரையில் ஒற்றை ஆளாக நாயகன் நாற்பது பேரைப் பந்தாடுகிறார். நாற்காலியே அதிர்கிறது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா அசையவில்லை. இடைவேளை வந்தது, சத்தம் நின்றது. சட்டென்று விழித்துக்கொண்டார்! “ஏன்டா நிறுத்திட்டாங்க?” என்றார். “இடைவேளைப்பா.” “அப்ப சரி” என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்வரிசைக்காரர் என் தோளைத் தட்டினார். “சார், குறட்டையில வசனம் கேக்கல.” நான் சொன்னேன், “சார், நல்லாக் கவனிங்க, வில்லன் வரும்போது மட்டும்தான் சுருதி ஏறுது. பின்னணி இசைன்னு நினைச்சுக்குங்க.” அவரும் ஒரு நிமிடம் கவனித்துவிட்டு, “ஆமா சார், பொருந்துது” என்று உட்கார்ந்துவிட்டார். இதோடு முடிந்ததா? வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள், “தாத்தா, படம் எப்படி?” அப்பா ஒரு விமர்சகரைப் போல மோவாயைத் தடவிக்கொண்டு சொன்னார்: “இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை!”

சொல்லுங்கள் தம்பி, இது எந்த மாத்திரை? இது உங்கள் கடையில் வாங்கியது!

அதே அப்பா. ஒருநாள் இரவு ‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ போட்டேன். கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த ஆவணப்படம், 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. மொத்தமே ஏறக்குறைய 40 நிமிடம். முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் பராமரிப்பாளர்களான பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற தாயில்லா யானைக்குட்டியை வளர்க்கிறார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. பழக்கதோஷத்தில் நான் தலையணையை எடுத்து வைத்தேன். அப்பா அதைத் தொடவே இல்லை. ரகு முகாமுக்கு வந்த கோலத்தைச் சொல்லும்போது, “நிஜமா?” என்றார். பொம்மனும் பெள்ளியும் கல்யாணம் செய்துகொள்ளும்போது, “இதுவும் நிஜமா?” என்றார். கடைசியில் வளர்ந்த ரகுவை வனத்துறை வேறு பராமரிப்பாளர்களிடம் மாற்றும்போது எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நெடுநேரம் குடித்தார்.

தம்பி பெருமையாகச் சொன்ன இன்னொன்று ‘மஞ்சும்மல் பாய்ஸ்’. 2024-இல் வந்த படம். கொடைக்கானல் குணா குகைப் பள்ளத்தில் விழுந்தவரை நண்பர் இறங்கி மீட்ட கதை. நல்ல படம்தான், நானும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அப்புறம் தம்பி வாய் தவறி ஒன்று சொன்னார், கவனித்தீர்களா? படம் முடிந்ததும் 2006-இல் நிஜமாகவே அந்தக் குகையில் சிக்கிய நண்பர்களின் பேட்டிகளை விடிய விடியத் தேடிப் பார்த்தாராம். நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்! செட் போட்ட குகை அவரைத் தூங்க அனுப்பிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற நிஜ மனிதர்கள் விடியும்வரை விழிக்க வைத்தார்கள். தம்பி, நீங்கள் எங்கள் அணி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

அடுத்துப் பேசப்போகும் அம்மா, “ஆவணப்படத்திலும் நடிப்பு உண்டே” என்பார். உண்டுதான். 1922-இலேயே வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ என்ற ஆவணப்படத்துக்காக இயக்குநர் ஃபிளாஹர்ட்டி பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்தார். உள்ளே காமிராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்தத் திறந்த வீட்டில், அந்தக் குளிரில், ஒரு குடும்பம் தூங்குவதுபோல நடித்தது. அம்மா, படம் பார்ப்பவர்கள் தூங்கவில்லை, படத்தில் இருந்தவர்களுக்குத்தான் தூக்கம் போச்சு!

டெல்லியில் அடித்தளத்து அறை ஒன்றில் சகோதரர்கள் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ பற்றியும் விரிவாகப் பேச நினைத்தேன். காற்றாடி நூல் அறுத்த சிறகுகளை அவர்கள் தைக்கும் கை கண்ணிலேயே நிற்கிறது. கேன்ஸ் திரைப்பட விழாவில் விருதும் வாங்கிய படம். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்கிறேன். இதற்கும் தலைப்புக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள்.

என் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் போட்டோக்கள் உண்டு, எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்பார். வீடியோ என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் அம்மாவை எடுக்க வேண்டும் என்று யாரும் எடுக்கவில்லை. ஜன்னலில் வந்து உட்கார்ந்த பூனையை என் மகள் போனில் எடுத்தாள். 42 விநாடி. முக்கால்வாசி பூனைதான். ஓரத்தில் துணி மடிக்கிற இரண்டு கை தெரியும். முகம் தெரியாது. “வெளிச்சத்தை மறைக்காதடி, தள்ளி நில்லு” என்று ஒரு குரல். ஒரு துண்டு மடித்து அடுக்கில் போகும். பூனை குதித்து ஓடும். படம் முடிந்தது.

அப்பா தினமும் ராத்திரி அதைப் பார்க்கிறார். நாற்பது பேரை அடித்தாலும் எழாத மனிதர், அந்தத் துண்டை மடித்து முடிக்கும்வரை இமைக்க மாட்டார். முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொல்வார். இத்தனை நாளில் ஒருநாளும் “நிஜமா?” என்று கேட்டதில்லை.

அப்பா எங்கே என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? மூன்றாவது வரிசை, ஓரம், வெள்ளைச் சட்டை. தம்பி பேசும்போது நன்றாகத் தூங்கினார், நானே பார்த்தேன். இப்போது விழித்திருக்கிறார்.

மணி அடித்துவிட்டீர்களா? சரி, உட்கார்ந்துவிட்டேன். வணக்கம்.